‘நேர்ல கேட்டது வேற’: ராக் கச்சேரி வீடியோவைப் பற்றி ரசிகர் சொல்வதும் அதன் காரணமும்

மதுரையின் தமுக்கம் மைதானத்திலோ ஒரு கல்லூரியின் கலைவிழா மேடையிலோ ராக் பேண்ட் ஒன்று வாசிக்கிறது. சில நாள் கழித்து வீடியோ வருகிறது. நேரில் நின்று கேட்டவர்களும் வர முடியாமல் போனவர்களும் பார்க்கிறார்கள். அவர்கள் சொல்வதையெல்லாம் சேர்த்து வைத்தால் ஐந்தாறு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும். “நேர்ல கேட்டது வேற, இது வேற.” “கூட்டமே இல்லாத மாதிரி இருக்கு.” “பாட்டு கேக்கவே இல்ல, கிதார் அமுக்கிருச்சு.” “சோலோ வாசிக்கிறப்ப கிதார்காரரைக் காட்டவே இல்லையே.” “இது லைவே கிடையாது, ஸ்டுடியோல வச்சுப் பாடினது.” உலகம் சுற்றும் பெரிய பேண்டுகளின் வீடியோக்களுக்கும் ரசிகர்கள் இதையேதான் சொல்கிறார்கள்.

இந்தப் பேச்சை ‘சும்மா குறை சொல்றாங்க’ என்று ஒதுக்குவது பேண்டுகள் செய்யும் பெரிய தவறு. ரசிகருக்குத் தொழில்நுட்பச் சொல் தெரியாமல் இருக்கலாம். எந்த இடத்தில் உறுத்துகிறது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அவர் பிசகுவது, பழியை யார் மேல் போடுவது என்பதில்தான். “கேமராமேன் சொதப்பிட்டான்” என்று பேசப்படும் ஒரு வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உறுத்தல் அப்போதும் இருந்தால் கோளாறு படத்தில் இல்லை, ஒலியில்.

மிக்சரிலிருந்து வரும் அரைகுறை ஒலி

‘நேர்ல கேட்டது வேற’ என்பதற்கு முதல் காரணம், எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரிலிருந்து, சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இரண்டு வயர் இழுத்துப் பதிந்து, அதை அப்படியே வீடியோவில் போட்டுவிடுவது. லட்சுமி சுந்தரம் ஹால், ராஜா முத்தையா மன்றம் மாதிரியான மூடிய அரங்குகளில் டிரம்ஸும் கிதார் ஆம்பும் மைக் இல்லாமலே வெகுதூரம் கேட்கும். அதனால் மிக்சரில் இருப்பவர் அவற்றைக் குறைத்துக் குரலை மட்டும் ஏற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவார். உட்கார்ந்திருப்பவரின் காதில் காற்று வழியே வரும் டிரம்ஸும் ஸ்பீக்கர் வழியே வரும் குரலும் கலந்து முழுமையாகிவிடும். வயரில் கிடைப்பதோ ஸ்பீக்கருக்குப் போன பங்கு மட்டும். குரல் மொட்டையாக முன்னால் நிற்கும். டிரம்ஸில் ஸ்னேர் என்ற சிறு டிரம் தகர டப்பாவாகத் தட்டும். கிதார் பக்கத்துத் தெருவில் வாசிப்பது போல இருக்கும். அன்று அந்த அரங்குக்கு அவர் சரியாகத்தான் செய்தார். அந்தக் கலவை வீடியோவுக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

திறந்த மைதானத்தில் எல்லா வாத்தியமும் மைக் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால் வயரில் வரும் ஒலி இன்னும் நிறைவாக இருக்கும். ஆனால் வறண்டிருக்கும், இடமும் ஆட்களும் அதில் இருக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்காகப் பதிந்துகொண்டு வீடியோவுக்கென்று மறுபடி மிக்ஸ் செய்வது. 32 சேனல் டிஜிட்டல் மிக்சர் வருகிறதா, அதில் யுஎஸ்பி வழியே எல்லாச் சேனலும் லேப்டாப்புக்கு வருமா என்று இரண்டு நாள் முன்னாடியே சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டுவிட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு சேனல் நிமிடத்துக்கு 8.64 எம்பி இடம் பிடிக்கும். 32 சேனலுக்கு மணிக்குச் சுமார் 16.6 ஜிபி, இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு 33 ஜிபி. ஒலியை, அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னால் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மிக்சர்காரர் பாட்டுக்கு நடுவே ஒரு சேனலை இறக்கும்போதெல்லாம் பதிவிலும் அது இறங்கிவிடும்.

அளவு வைப்பதில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. சவுண்ட் செக்கில் அடக்கி வாசிக்கும் டிரம்மர், எதிரே இரண்டாயிரம் பேரைப் பார்த்ததும் ஓங்கி அடிப்பார். ஆகவே சவுண்ட் செக்கில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். அந்த இடைவெளியை மேடை எப்படியும் தின்றுவிடும். மீட்டரின் உச்ச எல்லையான சுழியத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியை எந்த எடிட்டராலும் முழுதாகத் தைக்க முடியாது. பறையும் தவிலும் சேர்த்து வாசிக்கும் பேண்டுகளுக்கு இது இன்னும் முக்கியம். பறையின் அடி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். மீட்டர் காட்டுவதற்குள் கிழிந்திருக்கும். மைக்கைத் தோலுக்கு ஒட்டி வைக்காமல் இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் அடியோடு சேர்த்து அதன் உடல் ஒலியும் கிடைக்கும். நாதஸ்வரம் இருந்தால் அதை டிரம்ஸ் மைக்குகளிலிருந்து முடிந்த அளவு விலக்கி நிறுத்துங்கள். இல்லையென்றால் எல்லா ட்ராக்கிலும் நாதஸ்வரமே இருக்கும்.

லேப்டாப்பின் சார்ஜரை லைட்காரரின் போர்டில் செருகினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறிக்கொள்ளும். மிக்சருக்கு மின்சாரம் வரும் அதே போர்டில்தான் அதுவும் இருக்க வேண்டும். இரண்டாவது காப்பாக மிக்சரிலேயே ஒரு பென் டிரைவ் ஓடட்டும். பழைய எஃப்ஏடி32 முறையில் தயார் செய்த டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் நீண்ட பதிவு நடுவில் துண்டாகும், சில கருவிகளில் நின்றே போகும். சவுண்ட் செக்கில் இரண்டு நிமிடம் பதிந்து, ஹெட்ஃபோனில் ஒவ்வொரு சேனலாகத் திரும்பக் கேட்காமல் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

கூட்டம் எங்கே போனது

மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்கும் வாத்தியத்தையோ வாயையோ பார்த்துத் திரும்பியிருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் போடும் கூச்சல் அதில் ஓரமாகக் கசிந்துதான் நுழைகிறது. வீடியோவில் வாய் திறந்து கத்தும் முகங்களைக் காட்டி, காதில் ஒன்றும் கேட்காவிட்டால் ரசிகர் ‘கூட்டமே இல்ல’ என்கிறார். அதில் என்ன தவறு?

நான்கு மைக் போதும். மேடையின் இரு மூலைகளில் இரண்டு, ஸ்பீக்கர் வரிசைக்குச் சற்றுப் பின்னால், கூட்டத்தைப் பார்த்து. இரண்டு மிக்சர் பந்தலில். ஸ்டாண்டை எட்டு ஒன்பது அடிக்கு உயர்த்துங்கள். தாழ்வாக வைத்தால் பக்கத்தில் நின்று ‘தலைவா’ என்று கத்தும் ஒருவரின் குரலே கச்சேரி முழுக்க வரும். காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம். ஆடி மாதத்தில் திறந்தவெளியில் வைத்தால் கூடுதல் ரோம உறையும் வேண்டும். அந்தக் காற்று மைக்கில் இரைவதோடு நிற்காது, ஸ்பீக்கரிலிருந்து வரும் கூர்மையான ஒலியையே தூக்கி அங்கும் இங்கும் வளைத்துவிடும். ஆடியில் எடுத்த செல்போன் வீடியோக்களில் ‘சத்தம் வந்து வந்து போகுது’ என்பது அதனால்தான். செல்போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து நேரக் கணக்கு. மதுரையின் 30 டிகிரி மாலையில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகிறது. மிக்சர் பந்தல் மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி இருந்தால் அங்குள்ள மைக்குக்கு ஒலி 86 மில்லி செகண்ட் பிந்தி வரும். இரண்டையும் அப்படியே கலந்தால் ஒவ்வொரு ஸ்னேர் அடிக்கும் பின்னால் இன்னொரு அடி கேட்கும். எடிட்டில் அந்த ட்ராக்கை 86 மில்லி செகண்ட் முன்னால் இழுக்க வேண்டும். தூரத்தை அளக்க டேப் இல்லையென்றாலும் பரவாயில்லை. ஸ்னேரின் ஒற்றை அடியைத் தேடி, இரு ட்ராக்கிலும் அதன் முனையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் போதும்.

பாட்டு நடக்கும்போது இந்த நான்கு ட்ராக்கையும் தாழ்த்தி, முதல் அடிக்கு முன்னும் கடைசி அடிக்குப் பின்னும் உயர்த்த வேண்டும். கூட்டம் சேர்ந்து பாடும் வரியில் தயங்காமல் ஏற்றுங்கள். வேறெங்கோ எடுத்த கைதட்டலை ஒட்டும் வேலை வேண்டாம். விசிலும் குலவையும் கலந்த நம்மூர்க் கூட்டத்தின் ஓசையை அறிந்தவருக்கு, கடையில் வாங்கிய கைதட்டல் முதல் நொடியிலேயே பிடிபட்டுவிடும்.

மைக் செட் வளர்த்த காது

‘கிதார் அமுக்கிருச்சு’ என்ற குறையை மதுரையில் கேட்பதற்கும் வேறு ஊரில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் முளைப்பாரிக்கும் காதுகுத்துக்கும் ஊரே கேட்கப் பாட்டுப் போட்டவை குழாய் ஸ்பீக்கர்கள். அவற்றில் அடிநாதமும் வராது, மேல்நாதமும் வராது. நடுவில் இருக்கும் மனிதக் குரல் மட்டும் வெட்டிக்கொண்டு வெகுதூரம் போகும். அப்புறம் ஆர்கெஸ்ட்ரா மேடைகள். அங்கும் பாடகரின் குரல் முதலில், வாத்தியங்கள் அதற்குக் கீழே. இப்படி வளர்ந்த காதுக்குப் பாட்டு என்றாலே வரி புரிய வேண்டும்.

ராக் இசையின் வழக்கமான மிக்ஸ் வேறு மாதிரி. குரல் கிதார்களுக்கு நடுவே ஒரு வாத்தியமாக உட்கார்ந்திருக்கும். அதிலும் டிஸ்டார்ஷன் போட்ட, அதாவது வேண்டுமென்றே கரகரக்க வைத்த, கிதாரின் கூர்மை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் தெரியும். தமிழில் ‘ச’வும் ‘ட’வும் ‘ற’வும் தெளிவாகக் கேட்பதற்குத் தேவையான இடமும் ஏறக்குறைய அதுவே. ஒரே நாற்காலிக்கு இருவர் சண்டை. குரலை ஏற்றிக்கொண்டே போனால் பாட்டு தனியாகப் பிரிந்து, ராக்கின் உரம் போய்விடும். அதற்குப் பதிலாக, குரல் வரும் நேரத்தில் மட்டும் கிதாரின் அந்த 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியை 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். குரல் நின்றதும் மறுபடி ஏறட்டும். கிதார் இறங்கியதாக யாருக்கும் தெரியாது, வரி புரியும். குரலையும் ஒரு டெசிபல் கூட்டிக்கொள்ளலாம். தமிழில் பாடும் பேண்ட் இதை விட்டுக்கொடுத்தலாக நினைக்க வேண்டியதில்லை. வரி எழுதியதே கேட்பதற்குத்தானே.

கருத்துச் சொல்பவர் எதில் கேட்டார் என்பதையும் விசாரிக்க வேண்டும். பேஸ் கிதாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. செல்போனின் குட்டி ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலம் இழந்துவிடும். பஸ்ஸில் போனைக் கையில் பிடித்துக் கேட்டவர் “பேஸே இல்ல” என்பதும், வீட்டில் ஹோம் தியேட்டரில் கேட்டவர் “பேஸ் அள்ளுது” என்பதும் ஒரே வீடியோவைப் பற்றித்தான். இதற்காக அடிநாதத்தைக் கூட்டினால் போனில் ஒன்றும் மாறாது, வீட்டில் ஜன்னல் அதிரும். பேஸின் 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் உயர்த்தினால் போனிலும் விரல் நடப்பது கேட்கும். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு அதே வேலையை 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ‘டக்’ செய்யும்.

இன்னொரு குறை, “கூட்டத்தோட சத்தம் மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்குது.” மொத்த மிக்ஸையும், ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் அமுக்கும் லிமிட்டரில் போட்டு நசுக்கியதன் அடையாளம் அது. ஒவ்வொரு கிக் அடிக்கும் பின்னணி அமுங்கி எழுகிறது. யூடியூப், சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதில் உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் சத்தமாக இருக்கும் வீடியோவைத் தானே குறைத்துவிடுவதால் நசுக்கியதில் லாபமும் இல்லை. சேதம் மட்டும் மிஞ்சும்.

கண்ணுக்குத் தெரியும் கோளாறுகள்

“குச்சி விழுறதும் சத்தமும் சேரல.” பின்வரிசையில், மேடையிலிருந்து 60 மீட்டரில் நின்று போனில் எடுத்தால் ஒலி 172 மில்லி செகண்ட் தாமதம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் அது நான்கு ஃபிரேமுக்கும் மேல். மின்னல் முன்னே, இடி பின்னே என்று பழகிய கண், ஒலி சற்றுப் பிந்துவதைப் பொறுத்துக்கொள்ளும். ஒலி முந்தினால் கொஞ்சமும் பொறுக்காது. ஆகவே மேடை ஒலியை வைத்துப் படத்தைச் சேர்க்கும்போது சந்தேகம் வந்தால் ஒலி ஒரு ஃபிரேம் பின்னால் இருக்கட்டும். ரெக்கார்டரும் கேமராவும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுவதால் ஒரு மணி நேரத்தில் இரண்டு ஃபிரேம் வரை விலகலாம். தொடக்கத்தில் மட்டும் கைதட்டி அடையாளம் வைப்பவர்கள் கடைசிப் பாட்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான். முடிவிலும் ஒருமுறை தட்டுங்கள்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமும் 1/50 நொடி ஷட்டரும் வைத்தால் ட்யூப்லைட், சீரியல் விளக்கு எதுவும் துடிக்காது. போன்கள் பொதுவாக 30 ஃபிரேமில் ஓடுவதால் அதே மேடை அதில் மினுக்கலாம். விலை குறைந்த எல்இடி விளக்குகள் மங்கலாக்கும்போது இன்னொரு வேகத்தில் அணைந்து எரியும். அவை படத்தில் கறுப்புப் பட்டைகளாக ஓடும். மாலையிலேயே லைட்காரரிடம் எல்லா நிறத்தையும் முழு, பாதி, கால் பங்கு வெளிச்சத்தில் ஓடவிடச் சொல்லி ஒவ்வொரு கேமராவிலும் பார்த்துவிட வேண்டும். முழு நீலம் மட்டும் விழும் முகத்தில் கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். பாடகரின் முகத்துக்கு முன்னாலிருந்து மெல்லிய மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி ஒன்றை மட்டும் எப்போதும் நிறுத்தச் சொல்லுங்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெள்ளைச் சமநிலை அமைப்பை ஆட்டோவில் விட்டால் விளக்கு மாறும்தோறும் முகத்தின் நிறமும் மாறும். எல்லாக் கேமராவிலும் ஒரே எண்ணில் பூட்ட வேண்டும்.

ஐந்து கேமரா நல்ல கணக்கு. மிக்சர் பந்தலில் இரண்டு: ஒன்று மேடை முழுவதையும் அசையாமல் பிடிக்க, மற்றொன்று நீண்ட லென்ஸில் முகங்களுக்கு. மேடைக்குக் கீழே இரண்டு. டிரம்மருக்குப் பின்னால் ஒன்று. அசையாத அந்த முழுமேடைக் காட்சிதான் உயிர்நாடி. மற்ற நான்கும் ஒரே நேரத்தில் பிசகும் நொடி கட்டாயம் வரும். எதையும் நடுவில் நிறுத்தக் கூடாது. சில கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் தானாகவே நின்றுவிடும். பழைய மாடலை வாடகைக்கு எடுத்தால் முதலில் அதைப் பாருங்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் மணிக்கு 45 ஜிபி. இரண்டு மணி நேரத்துக்கு 128 ஜிபி கார்டு ஒன்று போதும். சித்திரை வெயிலில் மதியமே கேமராவை மேடையில் வைத்துவிட்டால் அது கச்சேரிக்கு முன்பே சூடாகிப் படுத்துவிடும்.

கிதார்காரரை ஏன் காட்டவில்லை

ரசிகர் மனதார வருந்துவது இதில்தான். எடிட்டர் கல்யாண வீடியோவில் கைதேர்ந்தவராக இருக்கலாம். பேண்டின் பாட்டு அவருக்குத் தெரியாது. ஒருவர் தனியாக முன்னுக்கு வந்து வாசிக்கும் சோலோ தொடங்கியதைக் காதில் உணர்ந்து அவர் கிதாருக்குத் தாவும்போது பாதி முடிந்திருக்கும். பேண்டில் ஒருவர் அரை நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த நிமிடம், எந்த நொடியில் யார் முன்னுக்கு வருகிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் இந்தக் குறை பெருமளவு தீரும். சோலோவில் முகத்தைக் காட்டிவிட்டு விரலைக் காட்டாமல் விடுவதும் பாவம். கிதார் கற்கும் பையன்கள் அந்த வீடியோவை நூறு முறை ஓட்டுவது விரலுக்காகத்தான்.

வெட்டும் வேகம் அடுத்த தகராறு. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் நாலு அடிச் சுற்று ஒன்று இரண்டு நொடி. சுற்றுக்கு ஒரு வெட்டு வைத்தால் கண் களைத்துவிடும், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே தெரியாமல் போகும். நாலு சுற்று, எட்டு நொடி, ஒரே காட்சியில் நில்லுங்கள். உச்சம் வரும்போது மட்டும் வேகம் கூட்டுங்கள். டாக்கிங் ஹெட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவை 1983 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸின் பான்டேஜஸ் தியேட்டரில் இயக்குநர் ஜோனத்தன் டெம்மி படமெடுத்தபோது நீண்ட காட்சிகளையே நம்பினார். கூட்டத்தைக் கடைசிப் பகுதி வரை ஏறக்குறைய காட்டவே இல்லை. பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் பேண்ட் 1971 அக்டோபரில் இத்தாலியின் பொம்பெய் நகரில் உள்ள பழைய ரோமானிய அரங்கத்தில் வாசித்த படத்தில் பார்வையாளர்களே கிடையாது. இரண்டையும் ரசிகர்கள் இன்றுவரை கொண்டாடுகிறார்கள். சோலோவின் நடுவே கூட்டத்துக்குத் தாவுவதுதான் அவர்களைக் கோபப்படுத்துகிறது.

லைவா, இல்லையா

நேரடிப் பதிவில் பின்னால் திருத்தம் செய்வது பழைய வழக்கம். பெரிய பேண்டுகளும் செய்தவைதான். லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் பேண்ட் 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று இரவு வாசித்ததைப் படமெடுத்தபோது இடையிடையே காட்சிகள் விடுபட்டன. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மேடை போட்டு அவற்றை மறுபடி எடுத்தார்கள். அதற்குள் முடி வெட்டியிருந்த பேஸ் கிதார்காரர் ஜான் பால் ஜோன்ஸ் டோப்பா வைத்துக்கொண்டு நடித்தார். உடையும் முடியும் மாறுவதை ரசிகர்கள்தான் ஃபிரேம் ஃபிரேமாகக் கண்டுபிடித்தார்கள்.

ஒலியில் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. மேடையில் பாடும் குரலின் மைக்கில் டிரம்ஸ் கசிந்தே தீரும். பாடகர் வாயை எடுத்ததும் பின்னணி டிரம்ஸின் நிறம் லேசாக மாறும். அந்தக் கசிவு சுத்தமாக இல்லாமல், குரல் கண்ணாடி மாதிரி இருந்தால் அது வேறு அறையில் பாடியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மைக்கை விட்டு முகம் விலகும்போதும் குரல் குறையவில்லையா? சந்தேகம் உறுதி. ஒரு வரியில் பிசிறடித்த சுருதியைச் சரிசெய்தால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். முழுப் பாட்டையும் மறுபடி பாடி ‘லைவ்’ என்று போடுவது, மழையில் நனைந்துகொண்டு கடைசிவரை நின்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பத்து மணிக் கணக்கும் இதில் சேரும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. தாமதமாகத் தொடங்கிய கச்சேரிகளில் கடைசி இரண்டு பாட்டு ஓட்டமாக ஓடும். “கடைசியில அவசரப்பட்டுட்டாங்க” என்ற கருத்துக்கு எடிட்டர் பொறுப்பல்ல.

கருத்துகள் வந்த பிறகு

ரசிகர்கள் சொன்னதைக் கேட்டுத் திருத்த வேண்டுமென்றால் மூலப் பதிவு கையில் இருக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்ட் 1988 ஆகஸ்டில் நியூயார்க் பக்கம் நாசோ கொலீசியத்தில் வாசித்தது 35 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டு 1989-ல் வீடியோ கேசட்டாக வந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2019-ல், அந்த மூல நெகட்டிவைத் தேடி எடுத்து மறுபடி எடிட் செய்தார்கள். ஒலியையும் புதிதாக மிக்ஸ் செய்தார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே இரவுகளின் கச்சேரிதானா என்று தோன்றும்.

இங்கே நடப்பது நேர் எதிர். எடிட் முடிந்ததும் அடுத்த முகூர்த்தத்துக்காகக் கார்டை அழித்துவிடுகிறார்கள். ‘குரலைக் கொஞ்சம் ஏத்தினா நல்லாருக்கும்ணே’ என்று ஐம்பது பேர் சொன்னாலும் ஏற்றுவதற்குத் தனி ட்ராக் இல்லை. கணக்குப் போட்டால் ஒலி 33 ஜிபி, ஐந்து கேமராவுக்கு 450 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இரண்டு கச்சேரி கொள்ளும். ஒரே மாதிரி இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றைப் பேண்டிலும் மற்றொன்றை எடிட் செய்தவரிடமும் வையுங்கள். மேலே தேதி, இடம், பாட்டு வரிசை, எந்தச் சேனலில் எந்த வாத்தியம் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். சேனல் பட்டியல் இல்லாத 32 ட்ராக்கில் எது டாம், எது கிக் என்று பிரிப்பதற்கே ஒரு நாள் போய்விடும்.